ஒன்றாம் பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் வாழைப்பழம் கூழ்.

இரவு எட்டு மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் எங்கள் டாக்ஸியை நிறுத்தி இறங்கினேன். வழக்கம்போல, காலையில் அவர் ஏறுவதற்குத் தோதாகக் கதவில் இருக்கும் ஒன்றாம் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். டிரைவர் சீட்டு ஊர்ந்து ஊர்ந்து பின்னால் போய், அதன் முதுகுக்குப் பின்னே தரையில் வைத்திருந்த என் பையை நெரித்துவிட்டது. மூன்றாவது தடவை. எனக்குப் புத்தியே வராது.

இருந்தாலும் இந்தச் சீட்டைக் குறை சொல்லமாட்டேன். காலை ஆறு முதல் இரண்டு வரை அண்ணன் ஓட்டுகிறார், இரண்டரை முதல் எட்டு வரை நான். அவர் ஆறடி, நான் அவர் தோளுக்கும் எட்டமாட்டேன். பழைய வண்டியில் தினமும் இதே ரகளை. "குள்ளி, நீ விட்டுட்டுப் போற சீட்டுல உட்காரணும்னா நான் காலைக் கழட்டி வச்சுட்டுத்தான் வரணும்" என்பார். இப்போது அவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு. சீட்டின் தூரம், உயரம், சாய்வு, வெளியே உள்ள இரண்டு கண்ணாடிகள் எல்லாம் அவரவருக்கு ஏற்றபடி வந்து நிற்கும்.

சேமிக்கும் முறை (மறந்து தொலைக்கிறேன், அதனால் எழுதிவைக்கிறேன்): வசதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். எம் என்று போட்ட பொத்தானை அமுக்கி, ஐந்து நொடிக்குள் நம்பரை அமுக்க வேண்டும். 'கீங்' என்றால் பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 5, புதன்

அண்ணனின் சீட்டு எதுவரை வருகிறதோ அந்த இடத்தில், பின்சீட்டுக் கால்மிதியில் மஞ்சள் நூலால் ஒரு கோடு தைத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் பை, இந்தப் பக்கம் சீட்டு. பத்து வருடம் துணி தைத்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

மார்ச் 19, புதன்

பையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டேன். பழம் நசுங்கவில்லை. எப்படி?

மார்ச் 26, புதன்

ஒன்றாம் பொத்தானை அமுக்கினால் சீட்டு கோடுவரை வருவதில்லை. போன வாரம் நான்கு விரல் இடைவெளி, இன்று ஒரு சாண். மோட்டார் கெட்டுவிட்டதா? வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லையே.

மார்ச் 28, வெள்ளி

வண்டிகளுக்கு வயர் வேலை செய்கிறவரிடம் காட்டினேன். இரண்டு பொத்தானையும் நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தார்.

"மோட்டார் நல்லா ஓடுதும்மா."

"அப்போ ஒண்ணாம் நம்பர் ஏன் முன்னாலயே நின்னுடுது?"

"எங்க நிக்கச் சொல்லிப் பதிஞ்சாங்களோ அங்க நிக்குது. இது தானா மாறாது. யாரோ திரும்பத் திரும்பப் பதிஞ்சிருக்காங்க."

யாரோ என்ன யாரோ? ஒன்றாம் பொத்தானைத் தொடுகிறவர் ஒரே ஆள்தான். ஆறடி ஆள் எதற்காக வாராவாரம் ஸ்டியரிங்கை நோக்கி நகர வேண்டும்?

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று ஒன்றாம் பொத்தானை அமுக்கிவிட்டு நானே உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முட்டாள்கள் தினத்துக்கு ஏற்ற காரியம் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை.

சாய்வே இல்லை, முதுகு நட்டக்குத்தலாக நிற்கிறது. சீட்டை உயர்த்தி வைத்திருக்கிறார். இடப்பக்கக் கண்ணாடி பின்னால் வரும் வண்டிகளைக் காட்டவில்லை, கீழே குனிந்து சாலையோரத்துக் கல்லைக் காட்டுகிறது. இது முன்பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து, ஓரத்தைத் தடவித் தடவிப் போகிறவர் உட்காரும் முறை.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. "ஆறு மணி சவாரி வேணாம், ஏழுக்கு மேல எடுத்துக்கலாம்" என்றது. இடதுபக்கக் கதவில் கீறல் - "சுவர் குறுகல்" என்றது. போன மாதம் நான் எதிரே வந்து கையாட்டியும் பார்க்காமல் போனது. திமிர் என்று நினைத்தேன்!

ஏழே காலுக்கு அவர் ஏற்றிக்கொண்டு போவது மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை.

ஏப்ரல் 2, புதன்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. நேற்றிரவு வழக்கம்போல அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்; இன்று காலை ஏழே முக்கால் வரை, பிள்ளைகளை இறக்கிவிட்டதாக அவர் போன் வரும்வரை, பல் துலக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு நாள் இப்படி இருக்க என்னால் முடியாது.

ஏப்ரல் 3, வியாழன்

காலை ஆறு மணிக்கே அண்ணன் வீட்டுக்குப் போனேன். நேற்றிரவு கொடுக்காமல் எடுத்துவந்த சாவி என் கையில். அவர் கையை நீட்டினார், நான் கொடுக்கவில்லை.

"சீட்டை ஏன் முன்னால இழுத்துக்கிட்டே வர்றீங்க?"

"முதுகு வலி."

"முதுகு வலிக்கிறவங்க சாய்வாங்க, அண்ணா. நீங்க நிமிர்ந்து உட்காருறீங்க. சைடு கண்ணாடி எதுக்குத் தரையைப் பார்க்குது?"

"சீட்டை வச்சு என்னை வேவு பார்க்கிறியா?"

"ஆமா. சீட்டுக்குத்தான் பொய் சொல்லத் தெரியலை."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "இவரு உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாத்தி எடுத்தப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார். அதைக் கேட்டதும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மாசமா மங்கல். விளக்கு எதிர்ல வந்தா வெள்ளையாப் பரவிடுது. சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவ."

"பிடுங்கத்தான் போறேன்! அந்தப் பிள்ளைங்களை ஏத்துறப்ப உங்களுக்குப் பயமாவே இல்லையா?"

"பயந்துதாண்டி முன்னால முன்னால வந்தேன்."

எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு மெதுவாக, "ஓட்டாம வீட்டுல உட்கார்ந்தா நான் யாரு?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு நேரமாகிவிட்டது. நான்தான் போய்க் கூட்டிப்போனேன். அவர்களை ஏற்றுவதற்கு முன், தெருமுனை தாண்டியதும் ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடம் அழுதேன். அவர் நல்லபடியாகத் திரும்பி வந்த ஒவ்வொரு நாளும் அதிர்ஷ்டம் மட்டும்தானே.

ஏப்ரல் 7, திங்கள்

இரண்டு கண்ணிலும் புரை. அறுவைசிகிச்சை செய்தால் சரியாகும் என்கிறார் டாக்டர். பயந்து ஒளித்து வைத்தது இதைத்தானா! அண்ணி மருத்துவமனை என்றும் பார்க்காமல் அண்ணன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வலது கண் முடிந்தது. கட்டோடு உட்கார்ந்துகொண்டு, நான் பிரேக் மிதிக்கிற விதம் சரியில்லை என்று எனக்கே பாடம் எடுக்கிறார். தேறிவிடுவார்.

மே 9, வெள்ளி

இடது கண்ணும் முடிந்தது. காலை, மாலை இரண்டு வேளையும் ஓட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஒன்றாம் பொத்தானை ஒரு மாதமாகத் தொடவில்லை.

மே 21, புதன்

பேட்டரி செத்துவிட்டது. புதிது மாட்டியதும் பார்த்தால் ஒன்று, இரண்டு இரண்டுமே காலி. இந்த வண்டியில் பேட்டரியைக் கழற்றினால் சீட்டு எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். எனக்குரியதை உடனே பதிந்துகொண்டேன். ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன்.

மஞ்சள் கோட்டைப் பற்றி அண்ணனிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்னை நம்பவைக்கவே சீட்டைக் கோடுவரை தள்ளி வைத்துவிடுவார். அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

மே 31, சனி

ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தாராம். அண்ணி போனில் சொன்னார். எனக்கு நம்பிக்கைதான், ஆனாலும் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

அண்ணன் திரும்ப ஓட்டும் முதல் நாள். சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணுல ஒண்ணுமில்லை, புதுசாப் பதிஞ்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பக்கத்தில் நின்றால் நடிப்பார்.

இரண்டரைக்கு வண்டி என் கைக்கு வந்தது. இரண்டை அமுக்கி ஏறினேன். சாயங்காலம் முழுக்க ஒன்றாம் பொத்தான் பக்கமே பார்க்கவில்லை. எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் இறங்கி, கதவைத் திறந்து வைத்து, அமுக்கிப் பிடித்தேன்.

சீட்டு பின்னால் போனது. ஒரு சாண் தாண்டியது, நான்கு விரல் தாண்டியது. முதுகு சாய்ந்தது. இடப்பக்கக் கண்ணாடி தரைப் பக்கம் குனியாமல் லேசாகத் திரும்பி, பின்னால் இருக்கிற தெருவைப் பார்த்து நின்றது. சீட்டு சரியாக மஞ்சள் நூலில் வந்து நின்றது.

பையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் வைத்திருந்தேன். மறதி இல்லை. இரண்டு பழமும் கூழ். வீட்டுக்கு வந்து, பையின் மூலைவரை கரண்டியால் வழித்துச் சாப்பிட்டேன்.