நெருப்புக்கோழியின் பின்னால் இருபத்து நான்கு கிலோமீட்டர்

ஏப்ரல் 3
வேன் மறுபடி படுத்துவிட்டது. தெருவில் திரியும் விலங்குகளைப் பிடிக்கும் எங்கள் பிரிவில் இருப்பதே மூன்று பேர்: நான், ஓட்டுநர், வேன். இப்போது இரண்டு.

பண்ணையிலிருந்து தப்பிய நெருப்புக்கோழி ஒன்று இன்று தபால் நிலைய வரிசையில் போய் நின்றதாம். துரத்தினோம். கண் மூடித் திறப்பதற்குள் பேருந்து நிலையத்தைத் தாண்டிவிட்டது.

ஏப்ரல் 4
புது அதிகாரி கூப்பிட்டார். எதையோ படித்திருக்கிறார்.

"வேகத்துல நாம சுண்டைக்காய்தான். ஆனா தூரத்துல நம்மள அடிச்சிக்க ஆளே இல்ல. நமக்கு வேர்க்கும், அதுக்கு வேர்க்காது. வெயில்ல விடாம துரத்தினா சூடேறி அதுவா உட்கார்ந்துடும். வேன் எதுக்கு?"

"சார், எனக்கு அம்பத்திரண்டு வயசு."

"வேர்க்குதுல்ல?"

வேர்த்துக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பதினைந்தாம் தேதிக்குள் பிடிக்காவிட்டால் பிரிவை மூடிவிடுவாராம். நான் பழைய கோப்பு அறைக்கு. ஜன்னலே இல்லாத அறை. அங்கே போன யாரும் பிறகு சிரித்து நான் பார்த்ததில்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6
மனைவி சொன்னாள்: "அடுத்த தெருவுக்குப் போய் பால் வாங்கிட்டு வரச் சொன்னா முட்டி வலிக்குதும்பீங்க. கோழி பின்னாடி மட்டும் ஓடுவீங்களாக்கும்!"

ஏப்ரல் 7
ஒன்றரை கிலோமீட்டர். வாந்தி.

ஏப்ரல் 11
ஒன்பது. சூட்சுமம் பிடிபடுகிறது. அது பாய்ந்தோடிப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறது. நான் ஆடி அசைந்து வந்து சேர்கிறேன். நிழலில் நிற்க விடக்கூடாது, தண்ணீரை அண்ட விடக்கூடாது. அவ்வளவுதான் வித்தை.

ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை. விதி. நாங்கள் நின்றுவிடுகிறோம். உச்சி வெயிலில் அது மரத்தடியில் ஜம்மென்று படுத்து எழுகிறது. இரண்டு மணிக்கு மறுபடி முதலிலிருந்து! அலுவலக நேரப்படி துரத்தினால் நத்தைகூட தப்பிவிடுமே.

ஏப்ரல் 14
நாளை கெடு. சாப்பாட்டு இடைவேளை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். ஓட்டுநர் சைக்கிளில் தண்ணீரோடு பின்னால்.

இருபத்து நான்காவது கிலோமீட்டரில், பள்ளிக்கூடச் சுவரோரம், அலகைப் பிளந்துகொண்டு அது உட்கார்ந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் கயிறு இருக்கிறது. எழுந்து கட்டத் தெம்பில்லை.

ஓட்டுநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணா, இதுல யாரைக் கட்டணும்?"

அழுதுவிட்டேன். ஜெயித்ததாலா, கால் வலித்ததாலா, தெரியவில்லை. அதைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. என் தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினேன்.

ஏப்ரல் 15
பிரிவு தப்பியது. கால் நகம் இரண்டு தப்பவில்லை.

ஏப்ரல் 22
வேனை இனிப் பழுது பார்க்கப் போவதில்லையாம். ஊர் எல்லையில் குதிரை ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறதாம், அதற்கும் நானேதானாம்.

மகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். குதிரைக்கும் வேர்க்குமாம், நம்மைப் போலவே. அதிகாரிக்கு இது தெரியாது. அந்தப் பக்கத்தைக் காட்டி, வேனைப் பழுது பார்க்க வைத்துவிடலாம் என்றுதான் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"என்ன?" என்றார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும் சார்?" என்றேன்.