படுக்கிற பாயும் மன்னிப்புப் பாயும்

சவாயித் தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்புள்ள பேத்தி சினாபத்திக்கு,

பாட்டி எத்தெவீசே எழுதுவது. முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சுகம். ஆக்லாந்தில் குளிர் அதிகம் என்கிறார்கள். காலுறை போட்டுக்கொண்டு படு.

முதலில் சண்டையைப் போட்டுவிடுகிறேன். நான் தலையில் பாயோடு சாலையில் உட்கார்ந்திருந்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, என் பாட்டியை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார்கள் என்று எழுதினாயாம். பக்கத்து வீட்டு பெபேயின் மருமகள் வாசித்துக் காட்டினாள். அங்கே எல்லோரும் அழுதார்களாம். இங்கே நான் அழவில்லை.

மன்னிப்புக்கு நாம் எந்தப் பாயை எடுப்போம்? கல்யாணத்துக்கும் சாவுக்கும் எடுக்கிற மெல்லிய பாயை. அதைப் போர்த்திக்கொண்டு எதிராளியின் வாசலில் உட்கார வேண்டும். நாங்கள் போட்டிருந்தது படுக்கிற பாய். உட்கார்ந்தது நம் ஊர்ச் சாலையில். உச்சி வெயில். மணல் அள்ளும் இயந்திரம் கடற்கரைக்குப் போகாமல் மறித்திருந்தோம். மணல் போனால் கடல் நேராக உன் தாத்தாவின் கல்லறைக்குத்தான் வரும். நீ வளர்ந்த வீட்டின் பாயே உனக்கு அடையாளம் தெரியவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

உன் படத்தை வைத்து வானொலிக்காரன் பெண்கள் பணிந்துவிட்டார்கள் என்றான். பத்திரிகை, யாரோ தூண்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றது. மணல் குத்தகைக்காரருக்கு வானொலி சொன்னதுதான் இனித்தது. மறுநாளே கேமராக்காரனோடு வந்துவிட்டார். பாயை அவர் கையால் தூக்கிவிட்டால் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு ஊர்த் தலைவர்களும் வேறு வழியில்லாமல் மணல் அள்ளக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அன்றும் பாய்க்கு அடியில் நானும் பெபேயும் இன்னும் இரண்டு பேரும் சுயிப்பிச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தோம். "பாயைத் தூக்க வர்றாங்கடி, எந்திரி" என்றாள் பெபே. தோற்கிற சமயத்தில் அவளுக்கு எப்போதும் ஏதாவது அவசரம் வரும். "தூக்கட்டும். நீ சீட்டைக் கீழ வைக்காதே" என்றேன்.

குத்தகைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பாயைத் தூக்கினார். "என்ன பாட்டி இது?" என்றார்.

"வெயிலுக்குப் பாய், பொழுது போகச் சீட்டு. நீயும் உக்காருப்பா, உனக்கும் சீட்டுப் போடுறேன். பெபே பக்கத்துல மட்டும் வேணாம், சீட்டை ஒளிச்சு வைப்பா" என்றேன். பெபேயின் மருமகள் அதை அப்படியே ஃபேஸ்புக்கில் நேரலையாக விட்டுவிட்டாள்.

தலைவர்கள் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கூடினார்கள். பெண்கள் யாரும் பணியவில்லை, கையெழுத்தும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். குத்தகைக்காரரின் ஆட்கள் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வானொலி, சமாதானம் சிரிப்போடு முடிந்தது என்கிறது. பத்திரிகை, நடுச்சாலையில் சூதாட்டம் என்று எழுதியிருக்கிறது. எழுதினவன் யார் மகன் என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா வாங்கிக்கொண்டு போன என் சட்டி இன்னும் வீடு திரும்பவில்லை.

இன்று காலை உன் தாத்தாவின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்தேன். மனம் நிறைவாக இருக்கிறது.

நீ அந்தப் படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட வேண்டாம். நான் அதில் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் இனிமேல் என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள். போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஒரு தடவை அடித்தாலே எடுத்துவிடுவேன்.

கடவுள் உன்னைக் காப்பாராக.

பாதிக் கோபம் தீர்ந்த உன் பாட்டி,
எத்தெவீசே