சம்பந்தி நட்ட குட்டிக் கோஸ்

செப்டம்பர் 14

காலையிலிருந்து கோட்டுகள்தான். ஒன்றுக்குக் கை நீளம், இன்னொன்றுக்கு ஜிப் போயிருக்கிறது. குளிர் வரப்போகிறது என்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் தையல்காரி ஞாபகம் வந்துவிடும்.

மிஷினிலிருந்து தலையைத் தூக்கினால் ஜன்னல் வழியாகப் பின்பக்கத் தோட்டம். குட்டிக் கோஸ் செடிகள் இடுப்புயரம் வந்துவிட்டன. விதைப் பாக்கெட்டில் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்று நீட்டி முழக்கியிருக்கும். எனக்கும், மருமகளின் அம்மாவான என் சம்பந்திக்கும் அது குட்டிக் கோஸ். இலைக் காம்புகளின் இடுக்கில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பச்சையாக முளைத்திருக்கிறது.

மே மாதம் நானும் சம்பந்தியும் நட்டது. அவருக்கு மாடி வீடு, மண்ணுக்கு வழியில்லை. அதனால் ஆறு வருஷமாக என் தோட்டம்தான் அவருக்கும். "நல்லா மிதிங்க சம்பந்தி. மண்ணு இறுகினாத்தான் காய் இறுகும், இல்லேன்னா விரிஞ்சு போயிடும்" என்றார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு செடியைச் சுற்றி மிதித்தோம். சமையலறை வாசலில் என் மகனும் அவர் மகளும் நின்று சிரித்தார்கள். இரண்டு பேரும், ஒன்றாக. பிரிவது என்று அதற்கு முன்பே பேசி முடித்திருந்தார்களாம். எங்களுக்குத்தான் தெரியாது. ஜூலையில் கோர்ட்டில் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு சம்பந்தி இந்தப் பக்கம் வரவில்லை.

செப்டம்பர் 21

இலையெல்லாம் புழு. சம்பந்தி வெறும் கையால் எடுப்பார். நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தேன். முகத்தைத் திருப்பினால் புழு எங்கே தெரியும்? பாதி இலை போச்சு.

அக்டோபர் 5

மகன் சாப்பிட வந்தான். ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் பிடுங்கிப் போட வேண்டியதுதானேம்மா" என்றான்.

"செடி உன்னை என்ன பண்ணுச்சு?"

"செடி ஒண்ணும் பண்ணல." தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவளோட அம்மா வந்தா வரட்டும். நான் இருக்கும்போது வேணாம். அவங்க முகத்த என்னால பார்க்க முடியாது."

அவனைச் சொல்லி என்ன? ஜூலையில் நாங்களே ஃபோனில் அவரவர் பிள்ளைக்கு வக்கீல் மாதிரி பேசினோம். "உங்க பையன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தா..." என்றார் அவர். "உங்க பொண்ணு கொஞ்சம் வாய மூடியிருந்தா..." என்றேன் நான். யார் முதலில் ஃபோனை வைத்தோம் என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 11

பேசலாம் என்று ஃபோனை எடுத்தேன். சம்பந்தி இல்லையென்றால் என்னவென்று கூப்பிடுவது? பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். அங்கே எல்லோரும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; நானும் சொன்னால் கண் பரிசோதிக்க வந்தவள் மாதிரி இருக்கும். அக்கா? நான்தான் மூத்தவள். பிள்ளைகள் பிரிந்தால் நாங்கள் யார்? அதற்கு ஒரு வார்த்தைகூட யாரும் வைக்கவில்லையே.

ஃபோனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12

பேசிவிட்டேன். எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே.

"செடி நுனிய எப்ப வெட்டணும்?"

அவர் சொன்னார்: "இப்ப வெட்டினா எல்லாக் காயும் ஒண்ணா முத்திடும். ஒரே நாள்ல பறிச்சு முடிச்சிடலாம். வெட்டலேன்னா கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா மார்ச் வரைக்கும் வரும். உங்க வசதி எப்படியோ."

கத்தரியோடு தோட்டத்துக்குப் போனேன். ஒரே நாளில் முடித்துவிட்டால் பிறகு அவருக்கு இங்கே வர என்ன வேலை? வெட்டாமல் திரும்பி வந்தேன்.

நவம்பர் 2

முதல் வருஷம் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். உச்சியில் பெரிய கோஸ் வரும் என்று காத்திருந்து, தண்டில் வந்ததையெல்லாம் ஏதோ நோய் என்று கிள்ளிப் போட்டேன். பாதிச் செடி காலி. சம்பந்தி வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எழுந்தவர் என் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தையல் பிரித்துக் கொடுப்பார். மருமகள் போனது வருத்தம்தான். ஆனால் மனசு தேடுவது அவள் அம்மாவை. வெளியே சொன்னால் நன்றாகவா இருக்கும்?

நவம்பர் 21

முதல் உறைபனி. பனி பட்டால்தான் காய் இனிக்கும், அதற்கு முன்னால் கை வைக்கக் கூடாது என்பார் சம்பந்தி. 'பனி விழுந்தாச்சு' என்று மட்டும் அனுப்பினேன். பதில் இல்லை.

நவம்பர் 22

வந்துவிட்டார். பக்கத்துக் கேட்டைத் திறந்துகொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போகிறவர், இன்று முன்வாசலில் நின்று மணி அடித்தார். "உள்ள வரலாமா?"

கீழ் வரிசையிலிருந்து திருகித் திருகிப் பறித்தோம். விரல் மரத்துப்போனது. அவரும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார்.

"நுனிய வெட்டலையா?"

"கத்தரி கிடைக்கல."

"தையல்காரி வீட்டுல?"

இன்னும் ஒரு செடியில் பறித்தார். "அப்ப மார்ச் வரைக்கும் வரணும்" என்றார்.

"வாங்களேன்."

டிசம்பர் 13

மகன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். இன்று சனிக்கிழமையே வந்து நின்றான், கிழிந்த கோட்டோடு. தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்த சம்பந்தி செடிக்குப் பின்னால் ஒதுங்கினார். இடுப்புயரச் செடி யாரை மறைக்கும்?

அவன் சமையலறை வாசலிலேயே நின்றான். பிறகு, "குளிர்ல நிக்காதீங்க அத்தை, உள்ள வாங்க" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். குட்டிக் கோஸ் நன்றாக இனித்தது. அவன் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டான்.

மார்ச் 14

கடைசிப் பறிப்பு இன்று. பறித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். "வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது இல்லையா."

"நல்லா இருக்கட்டும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனாலும் வருத்தமாக இருந்தது. மகனை நினைத்தா? இல்லை. எனக்கு என்னைத் தெரியாதா.

"மாப்பிள்ளைப் பையனோட அம்மா எப்படி?"

"தங்கமானவங்க."

கொஞ்ச நேரம் பறித்தேன். மனசு கேட்கவில்லை.

"அவங்க வீட்ல தோட்டம் இருக்கா?"

அவர் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இருக்கு. இதைவிடப் பெரிசு" என்றார். பிறகு குனிந்து அடுத்த காயைத் திருகினார். "இந்த வருஷம் நாம இன்னொரு வரிசை சேர்த்துப் போடலாமா சம்பந்தி?"