பதினான்கு தாள்கள், ஒரே பேனா

ஜூலை 5, திங்கள்

காலையிலிருந்து மழை. பாலம் கடந்து பிறை தொழிற்பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் மோட்டார் சைக்கிளில் பாதி உடம்பு ஈரம்.

தொழிற்சாலையில் அறிவிப்பு. வெள்ளிக்கிழமை கேண்டீனில் கொரோனா தடுப்பூசி, எம்ஆர்என்ஏ வகை. 'கட்டாயம் இல்லை'. அதற்குக் கீழே, மறுப்பவர்கள் காரணத்தை மேலாளரிடம் நேரில் சொல்ல வேண்டுமாம்.

ஊரே அடைத்துக் கிடந்தபோதும் எங்கள் லைன் நிற்கவில்லை. அன்று முகக்கவசத்தைக்கூட எண்ணிக் கொடுத்தவர்கள். இன்று என் உடம்பின் மேல் என்ன அக்கறை?

ஜூலை 6, செவ்வாய்

மதிய இடைவேளையில் போனில் படித்தது:

- ஊசியில் கிருமி இல்லை. அதன் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பு மட்டும். உடம்பு செய்து பார்த்து எதிர்க்கப் பழகுகிறது.
- மரபணுவைத் தொடாது. குறிப்பு சீக்கிரம் சிதைந்துவிடும். இதுவரை நம்பலாம்.
- என் வயது ஆண்களுக்கு, அரிதாக, இதயத் தசை வீக்கம். நோய் வந்தாலும் அது வரலாம்.
- கடும் ஒவ்வாமை உள்ளவர்களை முன்பே கேட்டறிய வேண்டும்.
- பத்து வருடம் கழித்து? பதில் கிடைக்கவில்லை.

அம்மா: "மேல் மாடி அக்கா போட்டுட்டாங்க. ரெண்டு நாள் காய்ச்சல், அவ்ளோதான். நீதான் பெரிய டாக்டரு."

அம்மாவுக்குச் சர்க்கரை. நான் கிருமியோடு வீடு வந்தால் முதலில் விழுவது அவர். போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக இந்த நிர்வாகத்தை நம்ப வேண்டியதில்லை.

ஜூலை 8, வியாழன்

சூப்பர்வைசர் கணேசன் ஒரு கட்டு கொடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து ஏஜென்ட் ஒருவர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்த பதினான்கு பேரின் ஒப்புதல் தாள்கள். பெயர் மட்டும் சரிபார்த்தால் போதுமாம்.

தரப் பரிசோதனையில் எனக்கு மூன்று வருடம். எல்லாத் தாளிலும் ஒரே நீலப் பேனா. ஒவ்வாமை, இல்லை. நோய், இல்லை. டிக் போட்ட சாய்வுகூட ஒன்று. அளக்காமலே நிரப்பிய தாள். பார்த்ததும் தெரிகிறது, நானும் அப்படி நிரப்பியிருக்கிறேன். ஆனால் அது திருகாணிகளுக்கு.

ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். ஏழாவது ஆள் செல்வராசு, பேக்கிங் பிரிவு.

"ஊசி போட்டு எப்பவாச்சும் உடம்புக்கு முடியாம போச்சாண்ணே?"

"ஊர்ல ஒருக்கா போட்டாங்க தம்பி. மூஞ்சி வீங்கி மூச்சு அடைச்சுப் போச்சு. பெரியாஸ்பத்திரிலதான் முழிச்சேன்."

"ஏஜென்ட்கிட்ட சொல்லலையா?"

"அவரு எங்க கேட்டாரு? கையெழுத்து மட்டும் வாங்கினாரு."

கணேசனிடம் போனேன்.

"டாக்டர் வருவார்லா, அவர் கேப்பாரு. நீ என்னடா, ஊசிக்கு எதிர்ப்பா?"

"இல்லண்ணே. பொய்த் தாளுக்கு."

"ஆள் கொறஞ்சா என்னைத்தான் ஏசுவாங்க. போய் வேலையப் பாரு."

டாக்டர் மலாயில் கேட்பார். செல்வராசு "ஓகே பாஸ்" என்பார். வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் அவர் பதில்.

ஜூலை 9, வெள்ளி

வெயில். கேண்டீனில் தள்ளித் தள்ளி நாற்காலிகள். காத்திருக்கும் இடத்தில் எழுதுகிறேன். ஊசி இடது கையில். போட்டபின் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும்.

நடந்தது: வரிசையில் செல்வராசுவுக்குப் பின்னால் நின்றேன். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். கேட்டார். செல்வராசு "ஓகே பாஸ்". நான் குறுக்கே பேசினேன், பாதி மலாய், பாதி ஆங்கிலம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, அந்த வீக்கத்தைப் பற்றி நிதானமாக விசாரித்தார். இவருக்கு இங்கே வேண்டாம், மருத்துவமனையில் பார்த்த பிறகுதான் என்றார். மற்ற பதின்மூன்று தாள்களையும் தள்ளிவைத்து முதலிலிருந்து கேட்டார். கணேசன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் என் முறை. பத்து வருடக் கேள்வியைக் கேட்டேன். இன்னும் தெரியாது, ஆனால் ஆபத்து வர வாய்ப்பு மிகக் குறைவு என்றார். சட்டைக் கையை மடித்தேன்.

செல்வராசு இப்போது பக்கத்து நாற்காலியில். "தம்பி, நல்லதுதான் செஞ்சீங்க. ஆனா ஏஜென்ட் என்னைய ஊருக்கு அனுப்பிட்டா?"



வாசலில் ஏஜென்ட்டின் கார். செல்வராசு எழுந்துவிட்டார். எனக்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறதாம், நர்ஸ் உட்காரச் சொல்கிறாள். நானும் அவரோடு போகிறேன்.