இடது கன்னம், வலது கன்னம்

அந்த க்ரீம் அந்த விலைக்குத் தகுமா? இன்று காலை உங்கள் மகள் ரம்யா போனில் இப்படிக் கேட்டாள். இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் நான். யோசிக்காமல் பதில் சொல்லியிருக்க வேண்டும். "தெரியலையே ரம்யா" என்றேன். என் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் என் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியின் சாம்பிள் டின். போன வாரம் உங்கள் கோத்தகிரி வீட்டைக் காலி செய்தபோது, "இதுல உங்க கையெழுத்து இருக்குதுங்க ஆன்ட்டி, நீங்களே வெச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். நான் திறக்காமலே வைத்திருந்தேன். இன்று போனை வைத்ததும் ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பினேன். முதலில் பழைய தேயிலை வாசம் வந்தது. பிறகு, சற்றுத் தாமதமாக, ரோஜாவும் ஈரப் புல்லும் கலந்தாற்போல இன்னொரு வாசம். உங்கள் முகத்தின் வாசம். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

பதினொரு வருடம் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். நடுவில் ஒரு சுவர், பின்பக்கம் பொதுவாக ஒரு தாழ்வாரம். நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் உங்களை அக்கா என்றேன், நீங்கள் என்னை டீச்சர் என்றீர்கள். இருவருமே கடைசிவரை 'நீ' என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதிகம் பேசாத எனக்கு அது வசதியாக இருந்தது. உங்கள் கணவர் திருப்பூரில் வேலை பார்த்தார், மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் நீங்களும் ரம்யாவும்தான்.

ஐந்து மணிக்கு ஃபேக்டரி விட்டு வருவீர்கள். கழுத்திலும் புருவத்திலும் தேயிலைத் தூளிலிருந்து பறக்கும் பஞ்சு ஒட்டியிருக்கும். வெந்நீரில் முகம் கழுவிவிட்டு, தாழ்வாரத்துக் கதவைத் திறந்துவைத்து, வெளிச்சம் படுகிற இடத்தில் கண்ணாடியோடு உட்கார்வீர்கள். அந்த ஐந்து நிமிடம் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. யாராவது தேடி வந்தால் ரம்யா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "அம்மா பூசறாங்க" என்பாள், சாமி கும்பிடுறாங்க என்பது போல.

அந்தக் கண்ணாடிக் குப்பியை முதன்முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறது. விலை கேட்டேன், சொன்னீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்தக் காசுக்கு ஒரு மாசத்துக்கு பால், கேஸ் ரெண்டும் ஆயிருமேக்கா."

"ஆயிருமுங்க" என்று சொல்லிக்கொண்டே பூசினீர்கள். "குன்னூர்ல அந்தக் கடைப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'அக்கா, அது வெல ஜாஸ்தி, இந்தப் பக்கம் இருக்கறதப் பாருங்க'ங்குது. என்ற மூஞ்சியப் பாத்தே சொல்லிப்போட்டா. சரி, அந்த மூஞ்சிக்குத்தான் வேணும்னு வாங்கிட்டு வந்துட்டனுங்க."

நான் சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டியைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். "நீர், கிளிசரின், மெழுகு, எண்ணெய், வாசனை. இதுல முக்கால்வாசி தண்ணிக்கா."

"தேயிலையும் தண்ணியிலதானுங்க டீச்சர் குடிக்கறோம்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கோத்தகிரி வெயிலில்தான் உங்கள் கன்னத்து மங்கு கூடுகிறது, வெயில் படாமல் பார்த்துக்கொண்டு சாதாரண க்ரீம் ஒன்றைப் பூசினால் போதும் என்று விளக்கினேன். சரியான விளக்கம்தான். இன்றும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன். ஆனால் நீங்கள் வேறொன்றைச் சொன்னீர்கள், அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. உங்கள் அம்மா சிலோனிலிருந்து வந்து கீழ் கோத்தகிரியில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஜனவரிப் பனியில் அவர் கன்னம் வெடித்து ரத்தம் கசியும் என்றீர்கள். "சின்னதுல எஸ்டேட் லயத்து வீட்டுல அம்மா முத்தம் குடுத்தா நான் மூஞ்சியத் திருப்பிக்குவனுங்க. சாக்கு ஒரசுன மாதிரி இருக்கும். அவுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அதன் பிறகு ரம்யாவைக் கூப்பிட்டு அவள் கன்னத்தோடு உங்கள் கன்னத்தை வைத்துத் தேய்த்தீர்கள். "விடும்மா, பிசுபிசுங்குது" என்று அவள் ஓடினாள். நான் அட்டைப்பெட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சோதனை என்ற பேச்சைத் தொடங்கியது நீங்கள். ஃபேக்டரியின் டேஸ்டிங் அறையில் உங்கள் வேலையே அதுதான். கோப்பைகளை வரிசையாக வைப்பது, அளந்து தூள் போட்டு வெந்நீர் ஊற்றுவது, எந்தக் கோப்பையில் எந்தத் தூள் என்கிற சீட்டை அடியில் மறைப்பது. அப்புறம்தான் ருசி பார்க்கிறவர் வருவார். "சீட்டப் பாத்துட்டுக் குடிச்சா நாக்கு பொய் சொல்லுமுங்க" என்பீர்கள். எனக்கு மாதாமாதம் நல்ல லீஃப் தேயிலையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பீர்கள். நான் அதன் மணத்தைப் பற்றி ஏதோ பெரிதாகச் சொல்லப்போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையிலேயே மூன்று கோப்பை வைத்துவிட்டீர்கள். நான் ஒவ்வொன்றாகக் குடித்து, நடுவில் இருந்ததுதான் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னேன்.

நீங்கள் சீட்டை எடுத்துக் காட்டினீர்கள். "டீச்சர், அது டஸ்ட்டுங்க. பேக்கரிக்குப் போறது." ரம்யா தரையில் விழுந்து சிரித்தாள்.

எனக்கு அது உறைத்துவிட்டது. சரி, நானும் ஒரு சீட்டை மறைக்கிறேன் என்றேன்.

உங்கள் குப்பியிலிருந்து க்ரீமை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். அதே மாதிரி இன்னொரு டப்பாவில் மருந்துக்கடையில் வாங்கிய சாதாரண க்ரீம். இரண்டும் வெள்ளை. பிளாஸ்டர் துண்டு ஒட்டி, ஒன்றில் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் எழுதினேன். மலிவானது இடது கன்னத்துக்கு, விலை கூடியது வலதுக்கு. ஆறு வாரம் பூசிவிட்டு எந்தக் கன்னம் தேவலை என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு எது எதுவென்று தெரியாது என்று நான் நம்பினேன்.

டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தீர்கள். மூடினீர்கள். "சரிங்க டீச்சர்" என்றீர்கள்.

ஆறு வாரம் முடிந்த ஞாயிறன்று ஜன்னலோரம் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியால் உங்கள் இரண்டு கன்னங்களையும் பார்த்தேன். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதுதான். "நீங்க சொல்லுங்கக்கா" என்றேன்.

"இடதுதானுங்க. சந்தேகமே இல்ல."

நான் கைதட்டினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கைதட்டிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. இடதில் இருந்தது என்னவென்று சொன்னதும் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். "அட, நல்லா ஏமாந்தேன் போங்க. இனி அதை வாங்கறதில்லைங்க."

அதை வகுப்பிலும் சொன்னேன், உங்கள் பெயரைச் சொல்லாமல். விலையையும் தரத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு வருடாவருடம் முதலாண்டு மாணவர்களுக்கு அதுதான் உதாரணம். கடைசி வரியில் எப்போதும் சிரிப்பார்கள்.

இப்போது டின்னில் இருப்பதை எழுதுகிறேன். அந்த இரண்டு டப்பாக்களும் இருக்கின்றன. பிளாஸ்டர் மஞ்சளித்திருந்தாலும் என் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. வலது டப்பா சுத்தமாக வழித்தெடுக்கப்பட்டிருக்கிறது. அடியில் நகம் பட்ட கீறல்கள்கூடத் தெரிகின்றன. இடது டப்பா நிறைய இருக்கிறது. மேலே ஒரே ஒரு விரல் பள்ளம், பூசியது போலக் காட்டுவதற்கு. இவற்றோடு நான்கு காலிக் கண்ணாடிக் குப்பிகள். எல்லாம் அதே க்ரீம்.

ஆக, இரண்டு கன்னத்திலும் விலை கூடியதைத்தான் பூசியிருக்கிறீர்கள். என் பூதக்கண்ணாடிக்கு வித்தியாசம் தெரியாததில் ஆச்சரியமில்லை. வாசனையை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்கத் தேயிலையை முகர்ந்து பிரிக்கிற ஒருத்தரிடம், ஒன்று மணக்கிற, ஒன்று மணக்காத இரண்டு டப்பாக்களைக் கொடுத்துவிட்டு, சீட்டை மறைத்ததாக நினைத்துக்கொண்டேன். முடிவில் மிச்சத்தை எடை போட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது, அதனால் மேற்கொண்டு பார்க்கவில்லை. என் மாணவி இப்படி ஒரு சோதனையை எழுதிக் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மீதியை ரம்யா காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள். "அம்மா அப்பறமும் வாங்கிட்டுத்தானுங்க இருந்தாங்க. ஏம்மா டீச்சர்கிட்டப் பொய் சொன்னேன்னு கேட்டேன். 'எம்புட்டு சந்தோசமா கைதட்டுனாங்க பாத்தியா? பாவம், தெரிய வேண்டாம்'னாங்க."

பாவம் என்று நீங்கள் சொன்னது என்னை. அதையே இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மாலையில் உங்கள் தாழ்வாரத்துக் கதவு மூடியிருக்கும். குளிருக்காக என்று எண்ணினேன். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்த ஒருவரை, கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ திருட்டுச் சாமானைப் போல டின்னுக்குள் ஒளித்துவைத்துப் பூச வைத்திருக்கிறேன். நான் டஸ்ட்டை உயர்ந்தது என்று சொன்ன பிறகும், நீங்கள் எனக்கு நல்ல தேயிலை கொண்டுவருவதை ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. இந்த டீச்சருக்கு டஸ்ட்டே போதும் என்று நீங்கள் விட்டிருக்கலாம், சோதனையும் அதைத்தான் சொன்னது.

நான் ஒரேயடியாக மனம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் குப்பியில் இருப்பது முக்கால்வாசி தண்ணீர்தான். தோலுக்கு அதனால் கிடைப்பது மலிவானதிலும் ஏறக்குறையக் கிடைக்கும். யாராவது கடனுக்கு அதை வாங்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துவேன். ஆனால் நீங்கள் அந்த விலையை எதற்குக் கொடுத்தீர்கள் என்பது பெட்டியின் பின்புறம் எழுதியிருக்கவில்லை. ரோஜா வாசத்துக்கா, அந்த ஐந்து நிமிடத்துக்கா, ரம்யா மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கா, அந்தக் கடைப் பெண்ணுக்காகவா? பதினொரு வருடத்தில் ஒரு நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். நிமோனியா என்று கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போன நான்காம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

வகுப்பில் அந்தக் கதையை இனியும் சொல்வேன், கடைசி வரியை மாற்றி. சோதனை தோற்றது எங்கே என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வேன். எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று தெரியவில்லை. இடது டப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன். அந்த விரல் பள்ளம் அப்படியே இருக்கட்டும்.

ரம்யாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் மகிழ்வீர்கள். அவள் கேட்டது முழுவதும் இதுதான்: "எங்கம்மா ஏமாந்தாங்களா ஆன்ட்டி? எனக்கும் அது ஒண்ணு வேணும்னு இருக்குது. உங்ககிட்டக் கேக்காம வாங்கினா நானும் ஒளிச்சு வெக்கோணும். அது என்னால முடியாதுங்க." நாளை குன்னூர் வருகிறாள். அந்தக் கடைக்கு நானும் வர வேண்டுமாம். என்ன சொல்லப்போகிறேன் என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நடந்தது இது.

பதினொரு மணிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். நடந்துபோகும்போது சொன்னேன்: "தோலுக்குப் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இருக்காது ரம்யா. உங்கம்மாவுக்கு அதுல என்ன கெடச்சுதுன்னு நான் கேக்கவே இல்ல. ஆனா அவங்க ஏமாறல. ஏமாந்தது நான்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் ஒரு புதுப் பெண் இருந்தாள். ரம்யா கேட்டதை எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "மேடம், உங்க வயசுக்கு வேற ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். ரம்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "பின்னாடி படிக்கலீங்களா ஆன்ட்டி?"

"கண்ணாடி கொண்டுவரல" என்றேன். அது கைப்பையில்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் குப்பியைத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோய் வெகு நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் கொஞ்சம் எடுத்து என் முகத்தருகே நீட்டினாள்.

"எந்தக் கன்னத்துலங்க ஆன்ட்டி?"

"ரெண்டுலயும்" என்றேன்.

வெயில் இருந்தது. காற்றும் இருந்தது. கோத்தகிரி பஸ் வர இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.