ஆறுமுன் மூடிய தூள்

இன்று காலை மில்லில் இருந்து வந்த சாக்கைப் பிரித்தேன். வறுத்த மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் சேர்ந்த சூடான மணம் முகத்தில் அடித்தது. முதலில் தும்மல் வந்தது. பிறகு உன் நினைவு வந்தது.

நீ அதிபரோடு சண்டை பிடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டாய். நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமலே போவதை நிறுத்தினேன். கோப்பாயில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில், உன் அம்மாவோடு சேர்ந்து மிளகாய்த்தூள் செய்து விற்கத் தொடங்கினோம். பிரதேச செயலகத்தில் நடந்த சிறுதொழில் பயிற்சிக்கும் அவர்தான் எங்களைக் கூட்டிப் போனார். சான்றிதழோடு சைக்கிளில் திரும்பும்போது நீ சொன்னாய்: "எடியே, நேற்றுவரைக்கும் நாங்கள் படிப்பை விட்ட குமருகள். இண்டையிலையிருந்து தொழில் முயற்சியாளராம். கொஞ்சம் நிமிந்து இருந்து ஓடடி!"

பிறகு ரவுன் கடைத்தெருவில் ஒரு பெரிய கடை எங்கள் தூளைக் கேட்டது. அது சரிவராவிட்டால் எங்கள் இருவரையும் கொழும்புக்குத் தையல் வேலைக்கு அனுப்புவதென்று வீடுகளில் முடிவாகியிருந்தது. அன்று பார்த்து மில்லில் கரண்ட் நின்று, தூள் பின்னேரம்தான் வந்தது. கடை பூட்டுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று நீ பறந்தாய். துணியில் பரப்பிய தூளுக்குள் நான் கையை விட்டுப் பார்த்தேன். மேலே ஆறியிருந்தது. அடியில் இன்னும் சூடு. அப்படியே மூடினால் பழுதாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. நீ பைகளை நீட்ட நீட்ட நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தன. பைகளின் உட்புறம் வியர்த்து, தூள் கட்டி பிடித்திருந்தது.

"கையை விட்டுப் பாத்தனியெல்லே? ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டாய்.

"நீ அவசரமாய் நிண்டாய்..."

"நான் எப்பதான் அவசரமில்லாமல் நிண்டனான்? பையோடை சேத்து உன்ரை வாயையும் ஒட்டிப்போட்டியோ?"

நான் அழுதேன். நீ சைக்கிளை எடுத்தாய். "ஏறடி பின்னாலை."

கடை முதலாளி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நீ நேரே போய் நின்று சொன்னாய்: "ஐயா, பிழை என்ரை. சூடு ஆறேல்லை, மூடவேண்டாம் எண்டு இவள் சொன்னவள். நான்தான் கேக்கேல்லை. இனி இவள் ஓம் எண்டு சொல்லாமல் ஒரு பையும் மூடமாட்டம்."

பச்சைப் பொய். அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அப்ப பிள்ளை, நீர் பாத்து அனுப்பும். இன்னொருக்கால் எடுத்துப் பாப்பம்."

வரும் வழியில், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "நீ சொல்லப்போறதை நான் முந்திச் சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்," என்று சிரித்தாய்.

அந்த மாரிமழைக் காலத்தில் உனக்கு டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே என்ன கதைப்பதென்று தெரியாமல் நின்றேன். "கடைக்குத் தூள் போட்டதோ?" என்று நீதான் கேட்டாய். "ஓம்" என்றேன். உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

இப்போது கொட்டிலில் ஆறு பேர் வேலை செய்கிறோம். வறுப்பதை உன் அம்மாதான் பார்க்கிறார். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களும் எங்கள் தூளைக் கேட்கிறார்கள். இன்று தூள் ஏற்ற வந்த வான்காரர் வாசலில் வானை நிறுத்தி ஹோர்ன் அடித்தபடி இருந்தார். நான் தூளுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னும் ரண்டு மணித்தியாலம் செல்லும், அண்ணை."

"எனக்குக் கொழும்புக்கு ஓடவேணும், பிள்ளை. ஆர் இஞ்சை பொறுப்பு? அவவைக் கூப்பிடும்."

உன் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். பிறகு வறுக்கிற சட்டிக்குத் திரும்பினார்.

"நான்தான்" என்றேன். வான்காரருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்து, "என்ன?" என்றார்.

நான் வானடிக்கே போய் இன்னொரு முறை சொன்னேன்.