மதவாச்சியில் இறங்கியவர்கள்

நோர்பரி, லண்டன்
ஒக்ரோபர் 12

அன்பு மகள் பெனிற்றாவுக்கு,

மடு மாதாவின் துணையால் நானும் அம்மாவும் தம்பியும் சுகம், மன்னார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி, தம்பி றொஜன் மூன்றாம் முறையும் டிரைவிங் ரெஸ்ற்றில் கோட்டைவிட்டுவிட்டு ரெஸ்ற் எடுத்தவரில் பிழை சொல்லிக்கொண்டு திரிகிறான். ஆறு மாதம் என்று போன நீ அங்கேயே இருந்து வேலை செய்யப்போகிறேன் என்று எழுதியதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளையைத் திருப்பி அனுப்பவோ இவ்வளவு பாடுபட்டு ஓடிவந்தனாங்கள் என்று என்னோடுதான் சண்டை. எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. நீ செயற்கைக்கால் பொருத்தும் இடத்தில் முன்பு இராணுவத்தில் இருந்தவரும் இயக்கத்தில் இருந்தவரும் ஒரே கம்பியைப் பிடித்து நடை பழகுகிறார்கள் என்று எழுதியதை வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியில் போகும்போது பாஸ்போட்டைக் கையில் வைத்திரு என்று நான் போனில் சொன்னதற்கு, இப்ப ஒருத்தரும் மறிக்கிறேல்லை அப்பா என்று சிரித்தாய். இன்னும் சிரி, ஒரு கதை சொல்கிறேன். போன வருடம் மாமியின் செத்தவீட்டுக்கு வந்தபோது, கொழும்பிலிருந்து மன்னாருக்கு வந்த பஸ் மதவாச்சியில் ஆள் ஏற்ற நின்றது. சண்டைக் காலத்தில் அங்கே எல்லோரும் பையோடு இறங்கி, இராணுவத்துக்கு அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் வேறு பஸ் ஏற வேண்டும். நான் யோசிக்கவேயில்லை, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாஸ்போட்டைக் கையில் பிடித்தபடி நடக்கத் தொடங்கிவிட்டேன். அன்று சோதித்த இடத்தில் இப்போது ஒரு போன் கடை இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் என் வயதுக்காரர் இன்னொருவரும் பையோடு நிற்கிறார். பஸ்ஸில் இருந்த இளசுகள் ஜன்னலால் எங்களைப் பார்க்கிறார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம், திரும்பி பஸ்ஸில் ஏறிவிட்டோம். வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை, நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், நானும் இறங்கியிருப்பன் என்றார். பிறகு, பிள்ளை இறங்கமாட்டாள்தானே, அவள் அங்கையே இருக்கட்டும் என்றார்.

ஆகவே மகள், எங்கள் இருவருக்கும் பூரண சம்மதம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, மாதா உனக்குத் துணையிருப்பா. நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் வருகிறோம், கொழும்புக்கு வந்து கூட்டிக்கொண்டு போ. வாடகை வான் பிடிக்காதே, பஸ்ஸிலேயே போவோம். மதவாச்சியில் நானோ அம்மாவோ எழும்பினால், கையைப் பிடித்து இருத்திவிடு.

என்றும் உன்னை நினைக்கும்
அப்பா லெஸ்லி